பேரேடும் சட்டப் புத்தகமும்

நம் சங்கங்களின் காரியாலயங்களில் பெரும்பாலும் ஒரு பழைய அலமாரி இருக்கும். அதன் மேல்தட்டில் ரொக்கப் புத்தகமும், பேரேடும், சரக்கு இருப்புப் பதிவேடும் அடுக்கியிருக்கும். கீழ்த்தட்டில் 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் 1988-ம் ஆண்டின் விதிகளும் அடங்கிய புத்தகம் கிடக்கும். மேல்தட்டுப் புத்தகங்கள் நாள்தோறும் விரிக்கப்படுகின்றன. கீழ்த்தட்டுப் புத்தகமோ, ஏதேனும் நோட்டீஸ் வந்த அன்றுதான் தூசி தட்டப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர் என்ற கேள்வியை இத்திங்கள் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கேள்வி பிறந்த காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை. அது நம் சங்கம் பட்ட நட்டம்.

ஒரு காசோலையின் கதை

ஒரு தீபாவளிப் பருவத்தில் நம் சங்கத்து வேட்டிகளையும் சேலைகளையும் ஒரு தனியார் வியாபாரி கடனுக்கு எடுத்துச் சென்றார். பண்டிகை முடிந்ததும் காசோலை ஒன்று கொடுத்தார். "இப்போது வங்கியில் போட வேண்டாம், சற்றுப் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நெடுநாள் பழகியவர் என்பதால் நாமும் பொறுத்தோம். காசோலைக்குரிய மூன்று மாதத் தவணை முடியும் தறுவாயில் அதை வங்கியில் செலுத்தினோம். கணக்கில் பணமில்லை என்று அது திரும்பி வந்தது.

நம் கணக்கர் தம் வேலையைப் பிழையின்றிச் செய்தார். வரவு வைத்த தொகையை அன்றே மாற்றுப் பதிவு போட்டுத் திருத்தினார். வியாபாரியின் பெயரில் பாக்கியை மீண்டும் ஏற்றினார். வங்கி அனுப்பிய சீட்டைக் கோப்பில் வைத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகக் குழு அதைப் பார்த்தது. பின்னர் வக்கீலிடம் போனோம். அவரும் தம் வேலையைப் பிழையின்றிச் செய்தார். சீட்டின் தேதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், "காலம் கடந்துவிட்டது" என்றார்.

1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ம் பிரிவு 1989-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், பணம் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அப்போதும் செலுத்தாவிடில் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால் இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தக்க காரணம் இருந்தால் புகார் கொடுப்பதில் நேர்ந்த தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கும். அறிவிப்பு அனுப்புவதில் நேர்ந்த தாமதத்துக்கு அவ்வித மன்னிப்பு இல்லை. காசோலையின் தவணையும் தீர்ந்துவிட்டதால் மறுபடி செலுத்திப் பார்க்கவும் நமக்கு வழியற்றுப் போயிற்று. எஞ்சியது சிவில் வழக்கு ஒன்றே. அதற்குரிய செலவையும் காலத்தையும் நெசவாளி அறிவான்.

இங்கே யாரைக் குறை சொல்வது? கணக்கருக்குக் கணக்குத் தெரியும். 30 நாள் கெடு தெரியாது. வக்கீலுக்குக் கெடு தெரியும். நம் கோப்பில் என்ன கிடக்கிறது என்பது தெரியாது. இருவருக்கும் இடையில் இருந்த வெளியில் பல தறிகளின் உழைப்பு விழுந்து மறைந்தது. அவ்வெளியில் நின்று இரு பக்கமும் பார்க்கவல்ல ஒருவர் நம்மிடம் இருந்திருப்பாரேயானால், சீட்டு வந்த மறுநாளே அறிவிப்புத் தபாலில் சேர்ந்திருக்கும்.

இரண்டு கேள்வியா, ஒரே கேள்வியா?

இது நெசவாளர்களுக்கு மட்டும் உரிய சங்கடம் என்று விவசாய அன்பர்கள் எண்ணிவிடலாகாது. ஓர் உதாரணம் பார்ப்போம். அங்கத்தினர் ஒருவரின் மஞ்சள் மூட்டைகள் விலை பேசி முடிந்து, எடை போடாமல் கிடங்கில் இருக்கின்றன. அன்றிரவு தீப்பிடித்துவிட்டது. நட்டம் யாருக்கு? 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் சொத்துரிமை எவரிடம் இருக்கிறதோ அவரிடமே நட்டமும் சேரும் என்கிறது. ஆகவே உரிமை எந்த நேரத்தில் கைமாறியது என்பதே வழக்கு. கணக்கரும் அதே இரவில் வேறொரு கேள்வியோடு நிற்கிறார்: அம்மூட்டைகளைச் சரக்கு இருப்பில் காட்டுவதா, வாங்கியவர் தர வேண்டிய பாக்கியில் காட்டுவதா? உற்று நோக்கினால் வக்கீலின் கேள்வியும் கணக்கரின் கேள்வியும் ஒன்றே என்பது விளங்கும்.

இதைவிடப் பெரிய சான்று கேரள மாநிலத்தில் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களின் சில வகை வருமானத்துக்கு 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 80-பி எனும் பிரிவின் கீழ், கழிவு அளித்தது. 2006-ம் ஆண்டுத் திருத்தம் கூட்டுறவு வங்கிகளுக்கு அதை நீக்கியது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு விட்டுவைத்தது. கண்ணூர்ப் பகுதியின் மாவிலாயி சேவைக் கூட்டுறவு வங்கி முதலியவை, தாம் பெயரளவில் வங்கியேயன்றி உண்மையில் கடன் சங்கங்களே என்று வழக்காடின. 2021-ம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. கூட்டுறவை வளர்ப்பதற்காக இயற்றப்பட்ட பிரிவைத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே வேளையில், அங்கத்தினர் அல்லாதோருக்குக் கொடுத்த கடனால் வந்த இலாபத்துக்குக் கழிவு கிடையாது என்றும் தெளிவுபடுத்தியது. எந்த இலாபம் அங்கத்தினரால் வந்தது, எது பிறரால் வந்தது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டியது பேரேடு. தீர்ப்பைப் பெற்றுத் தந்தது சட்டம். அத்தீர்ப்பின் பயனைப் பெற்றுத் தருவது கணக்கு.

ஐந்தாண்டுப் படிப்பு

இவ்விரண்டு கலைகளையும் ஒரே பாடத்திட்டத்தில் பயிற்றுவிக்கும் படிப்பு ஒன்று இப்போது நம் நாட்டில் நடைபெறுகிறது. பி.காம்., எல்எல்.பி. என்பது அதன் பெயர். வணிகவியல் பட்டமும் சட்டப் பட்டமும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பு, பருவங்கள் பத்து.

பண்டைய முறையில் ஒருவர் மூன்றாண்டு பி.காம். முடித்து, அதன் பின் மூன்றாண்டு சட்டம் பயில வேண்டும். மொத்தம் ஆறாண்டு. அவ்வழி இன்றும் திறந்தே உள்ளது. மேல்நிலைப் பள்ளி முடித்தவுடன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் முறை 1980-களில் பரவியது. பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி 1988-ம் ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய பின் அதற்கு நாடெங்கும் மதிப்பு உயர்ந்தது. முதலில் கலைப் பாடங்களோடு இணைந்திருந்த அப்படிப்பு, பின்னர் வணிகவியலோடும் இணைந்தது.

வணிகப் பாடங்களில் நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, வங்கியியல் முதலியன வரும். சட்டப் பாடங்களில் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்பு, சொத்துரிமை, 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறை, நிறுமச் சட்டம், வரிச் சட்டம், தொழிலாளர் சட்டம் ஆகியன இடம்பெறும். குற்றவியல் சட்டங்கள் 2024-ம் ஆண்டு ஜூலை முதல் நாள் முதல் புதிய பெயரிலும் புதிய எண்களிலும் வந்துவிட்டன. ஆதலால் பழைய புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

ஏட்டுப் படிப்போடு நில்லாமல், ஆவணம் எழுதுதல், சமரசம் பேசுதல், மாதிரி நீதிமன்றத்தில் வாதாடுதல் ஆகியவற்றிலும் பயிற்சி உண்டு. அகில இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டு மாணவர் படிப்புக் காலத்தில் 20 வாரமேனும் வக்கீல்களிடமும் நீதிமன்றங்களிலும் பிற அமைப்புகளிலும் களப்பயிற்சி பெற வேண்டும்.

சேரும் வழி

பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 45 என்பது வழக்கறிஞர் கழகம் வகுத்த குறைந்த அளவு, பிற்பட்டோருக்கு 42, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 40. இது வாசலைத் தொடும் அளவேயன்றி இடத்தை உறுதி செய்யும் அளவன்று.

தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள் முக்கியமானவை. ஒன்று, சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. அங்கே மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோல். தனி நுழைவுத் தேர்வு இல்லை. மற்றொன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் அமைந்த தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக் கழகம். அங்கே ‘கிளாட்’ எனப்படும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்ட நோக்கு, தருக்கம், எளிய கணக்கு ஆகியவற்றில் வினா வரும். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். இத்தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பதினோராம் வகுப்பிலிருந்தே நாளேட்டை ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுதல் நன்று.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் சட்டம் 2021-ம் ஆண்டு நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. நம் அங்கத்தினரின் பிள்ளைகளுள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர். இச்சலுகை அறியாமல் எவரும் இழந்துவிடக் கூடாது.

பெற்றோர் கவனிக்க

நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துவது கூட்டுறவாளருக்கு அழகன்று. மூன்று எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும்.

முதலாவது, இது நடுவில் இறங்க முடியாத வண்டி. மூன்றாண்டு முடித்தாயிற்று, வணிகப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால் விதி இடங்கொடாது. இணைந்த படிப்பைப் பிரித்து ஒரு பட்டம் வழங்குவதை 2008-ம் ஆண்டு விதிகள் தடுத்துள்ளன. இடையில் சேரவும் முடியாது. ஆகவே ஐந்தாண்டுக்கும் விடுதிச் செலவு, புத்தகச் செலவு உட்படக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே காலெடுத்து வைக்க வேண்டும். தறிக் கூலியையோ, அறுவடைப் பணத்தையோ நம்பிப் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமன்று.

இரண்டாவது, இப்பட்டம் பெற்றவர் தணிக்கையாளர் ஆகிவிட மாட்டார். பட்டயக் கணக்கர் என்பது 1949-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேறு தேர்வு எழுதிப் பெற வேண்டிய தகுதி. வணிகப் பாடம் கணக்கைப் படிக்கக் கற்றுத் தரும். கையொப்பமிட்டுச் சான்று கூறும் உரிமையைத் தராது.

மூன்றாவது, பட்டம் பெற்றவுடன் வருவாய் கொட்டும் என எதிர்பார்க்கலாகாது. 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி மாநில வழக்கறிஞர் கழகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் வெல்ல வேண்டும். அத்தேர்வு செல்லும் என்று 2023-ம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு உறுதி செய்தது. பின்னர் மூத்த வக்கீலிடம் சில ஆண்டு குறைந்த வருவாயில் தொழில் பழக நேரும். பதிவுக் கட்டணத்தில் மட்டும் ஏழைகளுக்கு ஒரு நிம்மதி பிறந்துள்ளது. பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வரை வசூலிக்கப்பட்டு வந்த அக்கட்டணம், சட்டத்தில் கண்டபடி பொதுப் பிரிவினருக்கு ரூ. 750-க்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ரூ. 125-க்கும் மேற்படலாகாது என்று 2024-ம் ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். முழுநேரச் சம்பள உத்தியோகம் பார்ப்பவர் அதே வேளையில் வக்கீலாகத் தொழில் நடத்த இயலாது. நம் சங்கத்தில் காரியதரிசியாக அமரும் பட்டதாரி, நம் வழக்கை நீதிமன்றத்தில் தாமே நடத்த முடியாது. ஆனால் எந்த வழக்கு வேண்டும், எது வேண்டாம், எத்தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியும். சங்கத்துக்குப் பெரிதும் தேவைப்படுவது அதுவே.

கூட்டுறவுக்கு இதனால் என்ன?

1904-ம் ஆண்டின் கடன் சங்கச் சட்டம் தொட்டு நம் இயக்கம் சட்டத்தின் மடியிலேயே வளர்ந்து வந்துள்ளது. இன்றைய 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் 80-ம் பிரிவு தணிக்கை பற்றியது, 81 விசாரணை, 82 ஆய்வு, 90 சங்கத் தகராறுகளின் தீர்வு. இவற்றிடையே 87-ம் பிரிவு ஒன்று உண்டு. நம்பிக்கை மோசத்தாலோ, தெரிந்தே காட்டிய அலட்சியத்தாலோ சங்கச் சொத்துக்குக் குறைவு நேர்ந்தால், அதற்குக் காரணமானவர் தம் சொந்தப் பணத்தில் ஈடு செய்யும்படி உத்தரவிட அது வழி வகுக்கிறது. தணிக்கைக் குறிப்பிலிருந்து தொடங்கி வீட்டு வாசல் வரை வரக்கூடிய பிரிவு அது. நிர்வாகக் குழுவில் அமரும் ஒவ்வொருவரும், ஐந்தொகையில் கையெழுத்திடும் முன் அதை ஒரு முறை படித்தல் நலம்.

சட்டம் நமக்கு அச்சுறுத்தல் மட்டுமன்று, அரணும் ஆகும். 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறியினின்று சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கெனக் காத்து நிற்கிறது; 1993-ம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 1999-ம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் காஞ்சிபுரம் பட்டும், பவானி ஜமக்காளமும், மதுரைச் சுங்குடியும், ஈரோட்டு மஞ்சளும் பதிவு பெற்றுள்ளன. போலிச் சரக்கை அப்பெயரில் விற்பவரைத் தடுக்க வேண்டுமானால், எங்கே, எவ்வளவு, எவ்விலைக்கு விற்கப்பட்டது என்ற கணக்கோடு நீதிமன்றம் செல்ல வேண்டும். மீண்டும் அதே இரட்டைக் கலை!

தறிவீட்டுப் பெண்

நம் அங்கத்தினர் ஒருவரின் மகள் இப்படிப்பில் நான்காம் ஆண்டு பயின்று வருகிறாள். பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்தவள், மேலே சொன்ன காசோலைக் கதையைக் கேள்வியுற்றுக் காரியாலயம் வந்தாள். பேரேட்டையும் விற்பனைச் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். போனதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "பெரியப்பா, நம் சங்கம் சிறு தொழில் பதிவு பெற்றிருக்கிறதா?" என்று மட்டும் தலைவரைக் கேட்டாள். பெறவில்லை.

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தை அவள் எடுத்துரைத்தாள். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாரிடம் சரக்கு வாங்கியவர் எவ்வித ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். முறையிடுவதற்கு மாநிலத்தில் தனி மன்றம் உண்டு. "இனி விற்கும் சரக்குக்கேனும் இது உதவும்" என்றாள். மறுநாளே நம் கணக்கரோடு அமர்ந்து, காசோலை பெறும் தேதி, செலுத்தும் தேதி, திரும்பினால் அறிவிப்பு அனுப்பக் கடைசித் தேதி என்று மூன்று கட்டம் போட்ட ஒரு பதிவேட்டைத் தயாரித்துக் கொடுத்தாள். அரை நாள் வேலை. அதன் விலை, முன்பே நம்மிடம் இருந்திருந்தால், ஒரு தீபாவளிச் சரக்கு.

அவளுடைய தந்தையார் அவளைச் சேர்க்கும் முன் நம்மிடம் யோசனை கேட்க வந்த நாள் நினைவுக்கு வருகிறது. "பெண்ணுக்கு ஐந்து வருடம் படிப்பா?" என்று உறவினர் கேட்டதைச் சொல்லிக் கலங்கினார். அன்று நாமும் திடமாக விடை கூறவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

சங்கத்தின் கடமை

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் சொல்வது இதுவே. கணக்கில் ஆர்வமும், படித்ததைப் பொறுமையாக ஆராயும் குணமும் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும், இப்படிப்பை நினைத்துப் பாருங்கள். செலவு மலைப்பாக இருப்பின் வங்கிக் கல்விக் கடனை விசாரியுங்கள். ரூ. 4 இலட்சம் வரை ஈட்டுச் சொத்துக் கேளாமல் கடன் தரும் திட்டம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பத் தொடங்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்களுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப் பெண் திட்டத்தை மாநில அரசு 2022-ம் ஆண்டு தொடங்கியது. இச்செய்திகளைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பது ஒரு தாளுக்கும் சிறிது பசைக்கும் மேல் செலவாகாத காரியம்.

நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்ட மாணவர் களப்பயிற்சிக்கு இடம் தேடி நகரங்களில் அலைகின்றனர். கல்லூரியின் அனுமதியோடு, சங்க வக்கீலின் மேற்பார்வையில், நம் பிள்ளைகளை நம் கோப்புகளோடு சில வாரம் அமர்த்துவோம். நிலுவைப் பாக்கிகளை அவர்கள் வகைப்படுத்தட்டும்; கெடு நெருங்குவன எவை என்று குறிக்கட்டும். அவர்களுக்கு அனுபவம், நமக்குப் பாதுகாப்பு.

பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம் கிடந்தால் நூல் நூலாகவே இருக்கும். இரண்டும் ஒரே தறியில் சேர்ந்தால்தான் துணி. கணக்கும் சட்டமும் அப்படியே. நம் அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகத்தை மேல்தட்டுக்குக் கொண்டுவரும் வேலையை இம்மாதமே தொடங்குவோமாக.